கிண்டி விளக்கும் சீனவலை விளக்கும்

1. முதல் நாள்

முதல் நாள் வேலைக்குப் போனபோது மேஸ்திரி பாப்பன் சேட்டன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது பெண்ணுங்களுக்கு உள்ள பணி அல்ல” என்றார்.

நான் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “விளக்கு ஏத்துறது பொம்பள வேலை இல்லாம பின்ன யாரு வேலை?” என்று கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை. அப்படித்தான் நான் விமானத்துக்கு விளக்கு வைக்கிறவள் ஆனேன்.

எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. அதுவரை மட்டாஞ்சேரியில் ஒரு கிட்டங்கியில் சுக்கு சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் வேலை. ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. நான் படகு ஏறி எதிரே இருந்த தீவுக்கு வேலை தேடிப் போனேன்.

தீவின் ஒரு ஓரத்தில் யுத்த காலத்தில் போட்ட பழைய ரன்வே ஒன்று கிடந்தது. பெரிய விமானம் எதுவும் அங்கே வராது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்ன கிளப்பின் கையில் அது இருந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று வைத்திருந்தார்கள். நாலு ஆள் சேர்ந்து வாலைப் பிடித்துத் தள்ளினால் நகரும், அவ்வளவுதான் அதன் கனம். ரேடியோ கிடையாது. கீழே இருந்து பச்சை லைட் காட்டினால் இறங்கலாம், சிவப்புக் காட்டினால் இறங்கக் கூடாது. பேச்சுவார்த்தை அவ்வளவே.

பகலில் நாங்கள் புல் வெட்டுவோம், கல் பொறுக்குவோம், ரன்வேயில் படுத்திருக்கும் மாட்டை விரட்டுவோம். சாயங்காலம் ‘நைட் ஃப்ளையிங்’ இருந்தால் விளக்கு வைப்போம். லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றால் படிக்கிற பையன்கள் இருட்டிலும் ஓட்டிக் காட்டியாக வேண்டும். அந்த ரன்வேயில் கரண்டு விளக்கு போட யாருக்கும் வசதி இல்லை.

எங்கள் விளக்கு பூவாளி மாதிரி இருக்கும். இரும்புப் பாத்திரம், நீண்ட மூக்கு. உள்ளே மண்ணெண்ணெய், மூக்கில் கட்டைத் திரி. இன்ஸ்ட்ரக்டர் அதற்கு இங்கிலீஷில் வாத்துக் கழுத்து என்று அர்த்தம் வரும் பேர் ஒன்று சொல்வார். எங்கள் ஆட்களுக்கு அது கிண்டி. கோயிலில் தீர்த்தம் ஊற்றும் கிண்டியைப் போலத்தானே இருக்கிறது!

ரன்வேயின் ஒரு ஓரமாக ஒற்றை வரியில் கிண்டிகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். இடைவெளிக்கு முடிச்சுப் போட்ட கயிறு உண்டு. மூக்கு காற்றுக்கு எதிராக இருக்கக் கூடாது, இருந்தால் தீ உள்பக்கம் மடங்கும். காற்று திரும்பினால் எல்லா மூக்கையும் திருப்ப வேண்டும். எல்லாம் வைத்த பிறகு முதல் கிண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். வரி நேராக இருந்தால் அத்தனை விளக்கும் ஒரே விளக்காகத் தெரியும். ஒன்று விலகியிருந்தாலும் பக்கத்தில் ஒரு காது முளைத்த மாதிரி நிற்கும்.

எட்டுப் பேரில் நாங்கள் மூன்று பேர் பெண்கள். என் நாத்தனார் முத்துலட்சுமியும் வந்தாள். நான் வைத்த வரி மாதிரி ஆண்கள் யாரும் வைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

வேலையில் கஷ்டமானது விளக்கு வைப்பது அல்ல. வைத்த பிறகு காத்திருப்பது. விமானம் மேலே போய்விடும். நாங்கள் புல்லில் உட்காருவோம், உட்கார முடியாது. கொசு ஒரு பக்கம். காது முழுக்க எஞ்சின் சத்தத்தில். சத்தம் ஒரே சீராக இருந்தால் முத்துலட்சுமி வெற்றிலை மடிப்பாள். சத்தம் கொஞ்சம் இறங்கினால் மடித்த கை அப்படியே நிற்கும். இன்ஸ்ட்ரக்டர் குரியன் சார், நாங்கள் கேப்டன் என்று கூப்பிடுவது அவரைத்தான், தனியாக ஒரு பையனை மேலே அனுப்பிவிட்டால் ஓரிடத்தில் நிற்க மாட்டார். இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். ராணுவ விமானத்தில் இருந்தவர், கோயம்புத்தூர்ப் பக்கம் பல வருஷம் கழித்தவர். அவருடைய தமிழில் மலையாளம் பாதி.

“கேப்டன், நீங்க நடக்குறதப் பாத்தா எங்களுக்குத்தான் கால் வலிக்குது” என்று ஒரு நாள் சொன்னேன்.

“சேச்சி, ஓட்டுறவனுக்கு வேலை உண்டு. எனிக்கு இப்போ ஒரு பணியும் இல்ல. அதாணு கஷ்டம்” என்றார்.

2. கோணல் என்று ஒருவன் சொன்னது

படிக்க வந்தவர்களில் ஜோசுக்குட்டி என்று ஒரு பையன். திருப்பூணித்துறையில் பள்ளிக்கூட டீச்சரின் மகன், ஒரே பிள்ளை, அப்பா இல்லை. மீசை சரியாக முளைக்கவில்லை, அதற்குள் வாய் மட்டும் நன்றாக முளைத்திருந்தது.

ஒரு நாள் இருட்டில் கேப்டனோடு போய்விட்டு இறங்கியபோது விமானம் ரன்வேயின் நடுவில் இறங்காமல் ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் திட்டுவதற்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான்.

“சாரே, விளக்கு வரி வளஞ்ஞிருக்கு. நடுவுல ஒரு கோணல். அதைப் பாத்து வந்தா இப்படித்தான் ஆகும்.”

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. “யாரு வரி கோணல்? தம்பி, கோணல் ஒன் கண்ணுல இருக்கு!”

“சேச்சி மேல வந்து பாத்தீங்களா? கீழ குந்தியிருந்தா எல்லாம் நேராத்தான் தெரியும்.”

“அப்ப மேல வந்து பாக்குறேன்” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு பின்வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை.

கேப்டன் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, “வரட்டே. வரி வைக்கிற ஆள் ஒரு தடவ வரியைக் காணட்டும்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆபீசுல யாரோடும் சொல்ல வேண்டா” என்றார்.

மேஸ்திரி பாப்பன் சேட்டனுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. “பொன்னுத்தாயி, சோறு உண்டோ வயித்துல?”

“உண்டு.”

“அப்போ மேல வச்சு நல்லா வாயைப் பொத்திக்கோ. ஞங்கள் கீழ நிக்குது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துலட்சுமி மட்டும் சிரிக்காமல், “மதினி, அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உதறிவிட்டு ஏறினேன்.

3. மேலே

கதவு என்று ஒரு தகரம். சாத்தியபோது என் வீட்டு அலமாரிக் கதவு கூட இதைவிடக் கெட்டி என்று தோன்றியது. கேப்டன் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டார். எஞ்சின் போட்டதும் பல்லெல்லாம் ஆடியது. என் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஓடின. பிறகு ஆட்டம் நின்றது. நின்றது என்றால், தரை விட்டுவிட்டது.

கீழே பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நான் பிறந்து வளர்ந்து நடந்த ஊர் எல்லாம் மஞ்சள் புள்ளிகளாகக் கிடந்தது. மட்டாஞ்சேரிக் கடைத்தெரு ஒரு கோடு. படகுத்துறை ஒரு புள்ளி. படகு ஒன்று ஒரே ஒரு விளக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அதில் கூட்டத்தில் இடிபட்டுப் போகும்போது அது எவ்வளவு பெரிய படகு! வெளியே கடலில் கப்பல்கள் உள்ளே வர முறை காத்துக் கிடந்தன, ஒவ்வொன்றும் ஒரு கல்யாண வீடு மாதிரி. தெற்கே கும்பளங்கிப் பக்கம் இறால் வளர்க்கும் வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது. நிலா அந்தத் தண்ணீரில் எங்களோடு கூடவே ஓடி வந்தது. ஒரு வயலில் தெரியும், வரப்பு வந்ததும் காணாமல் போகும், அடுத்த வயலில் குதித்து மறுபடி ஓடும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுக்குத் தூசியில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் இப்படி ஒன்று தலைக்கு மேலே இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

“சேச்சி, இனி நம்ம ரன்வேயைக் காட்டு” என்று கேப்டன் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

நான் தேடினேன். இருட்டில் ஒரு வரி விளக்கு கிடைத்தது. அடடா, அப்படி ஒரு நேர். நூல் பிடித்து வைத்த மாதிரி.

“அதோ! பாருங்க! இதையா அந்தப் பய கோணல்னு சொன்னான்?”

கேப்டன் விமானத்தை மெதுவாகச் சாய்த்தார். அந்த வரியின் பக்கமாகக் கொஞ்சம் இறங்கினார். விளக்குகளில் ஒன்று மெல்ல மேலே ஏறியது. இன்னொன்று தண்ணீரை நோக்கி இறங்கியது. விளக்குக்குக் கீழே இன்னொரு விளக்கு தலைகீழாகத் தெரிந்தது.

“அது சீனவலையாணு சேச்சி” என்றார். கரையில் மரங்களில் கட்டி, தண்ணீரில் தாழ்த்தித் தூக்கும் பெரிய வலை அது. “காயல் கரையில வலைக்காரங்க பெட்ரோமாக்ஸ் தூக்கி வச்சிருக்கான், மீன் வர்றதுக்கு. நம்மட வரி இந்தப் பக்கம்.”

இந்தப் பக்கம் பார்த்தேன். இருந்தது. நடுவில் லேசாக வளைந்து கிடந்தது.

கேப்டன் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று அந்த வரியை இன்னொரு முழுச் சுற்று சுற்றினார். அது எனக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

இறங்கும்போதுதான் இந்த வேலையின் மறுபக்கம் தெரிந்தது. மேலே எல்லாம் அழகு. கீழே வர வர, தரை எங்கே தண்ணீர் எங்கே என்று ஒன்றும் இல்லை, ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பு நம்மை நோக்கி வருகிறதா நாம் அதை நோக்கிப் போகிறோமா என்று சொல்ல முடியாது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும், உண்மையில் சாயவில்லை. “ராத்திரியில உடம்பு பொய் சொல்லும். இந்த முள்ளையும் அந்த விளக்கையும் மாத்திரம் நம்பணும்” என்று கேப்டன் முன்னால் இருந்த வட்டக் கண்ணாடிகளைத் தட்டிக் காட்டினார். நான் முள்ளைப் பார்க்கவில்லை. என் கிண்டிகளைத்தான் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று அவை பிரிந்து பிரிந்து பெரிதாகிப் பக்கத்தில் வந்ததும், சக்கரம் தட்டியது.

இறங்கியதும் ஜோசுக்குட்டி வந்து, “கண்டீங்களா கோணல்?” என்றான்.

“வரி நேராத்தான் இருக்கு. ஒங்க ரன்வேதான் நடுவுல கூன் விழுந்து கெடக்கு” என்றேன். அது பொய்யும் இல்லை. நடுவில் தரை மேடாக இருந்தது, மேட்டின் மேல் வைத்த விளக்குகள் வளைந்து தெரிந்தன.

ஆனால் கேப்டன் மறுநாள் எங்களை எல்லாம் கூப்பிட்டார். “வரி வச்ச ஆளுக்கே மேல நின்னா தெரியல. பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். என்னைக் குறை சொல்கிற குரல் இல்லை அது. அன்று முதல் ஒரு புதுப் பழக்கம் வந்தது. அடி திறந்த மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் முதல் கிண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விமானம் இறங்கத் திரும்பும்போது டின்னால் விளக்கை மூடி மூடித் திறக்க வேண்டும். கண் சிமிட்டுகிற வரிதான் நம் வரி. அந்த டின்னை நான் வாங்கிக்கொண்டேன். மேஸ்திரி அதற்கு ‘பொன்னுத்தாயி கண்ணடிக்குது’ என்று பேர் வைத்தார். வயதான காலத்தில் ஆகாயத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று ஆண்கள் பேசிச் சிரித்தார்கள். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

4. கரண்டு போன இரவு

ஜோசுக்குட்டி இருட்டில் முதன்முதலாகத் தனியாகப் போன இரவு அது. மழைக்காலம் முடிகிற சமயம். பகலெல்லாம் தூறியிருந்தது, சாயங்காலம் வெறித்தது. நிலா இல்லை. கேப்டன் வானத்தையும், காற்றுத் திசை காட்டும் துணிப் பையையும் பார்த்துவிட்டு, “போகலாம். மூணு சுற்று மாத்திரம்” என்றார்.

முதல் சுற்று நன்றாகவே முடிந்தது. நான் டின்னால் கண்ணடித்தேன். அவன் அழகாக இறங்கி, நிற்காமல் மறுபடி ஏறினான். முத்துலட்சுமி வெற்றிலையை எடுத்தாள்.

அப்போது அக்கரையில் கரண்டு போயிற்று.

ஒரு வீடு, ஒரு தெரு என்று இல்லை. மட்டாஞ்சேரி இல்லை. தோப்பும்படி இல்லை. எங்களுக்குப் பின்னால் தீவிலும் எல்லாம் அணைந்தது. வெளிக்கடலில் அன்று கப்பல் ஒன்றும் காத்து நிற்கவில்லை. எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் கடல் என்று மேலே இருப்பவன் தெரிந்துகொள்வது அந்த வெளிச்சங்களை வைத்துத்தான். இப்போது அந்த இருட்டில் மிச்சம் இருந்தவை இரண்டே வரி. கரண்டு வேண்டாத எங்கள் கிண்டி வரி ஒன்று. கரண்டு வேண்டாத சீனவலை பெட்ரோமாக்ஸ் வரி ஒன்று.

கேப்டன் நடப்பதை நிறுத்திவிட்டார். அவர் நின்றதைப் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்தோம்.

எஞ்சின் சத்தம் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பவில்லை. தூரமாகப் போனது. விமானத்தின் சின்ன விளக்குகள் காயலுக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவு போட்டன. பிறகு சத்தம் இறங்கியது. எஞ்சினைக் குறைத்து இறங்க வருகிற சத்தம் அது. எங்கள் காதுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் எங்களை நோக்கி வரவில்லை.

“வலையில இறங்கப் போறான்” என்றேன்.

கேப்டன் சிவப்பு லைட்டைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினார். பையனின் முகம் எங்கள் பக்கம் இருந்தால்தானே? மேஸ்திரி ஓடிப்போய் ஆகாயத்தில் சுடும் வாணத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். கேப்டன் சுட்டார். மழைக்காலத்து ஈரம். தோட்டா புஸ்ஸென்று புகைந்து அடங்கியது. அடுத்ததும் அப்படியே.

நான் முதல் கிண்டிக்கு ஓடி டின்னை மூடி மூடித் திறந்தேன். கை சுட்டது. விமானத்தின் விளக்குகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

“பயந்தவன் முதல்ல காணுறதைத்தான் நம்பும். இன்னொரு வரி இருக்குன்னே அவனுக்குத் தோணாது” என்றார் கேப்டன். பிறகு கத்தினார்: “ஒரு விளக்கு போதாது! எல்லாம் சிமிட்டணும்! சாக்கு எடு!”

விளக்கை அணைப்பதற்காக நனைத்த சாக்குகள் வரி நெடுக உண்டு. மேஸ்திரி ஒன்றைத் தூக்கியவர் நின்றுவிட்டார். “சாரே, நனஞ்ச சாக்கு இட்டா தீ கெடும். பின்ன வரியே இல்ல!”

அவர் சொன்னதும் சரி. கேப்டன் சொன்னதும் சரி. அந்த நேரத்தில் அக்கரையில் விமானத்தின் விளக்குகள் வலை மரங்களின் உயரத்துக்கு வந்துவிட்டன.

“மேல போட வேண்டாம்!” என்று நான் கத்தினேன். “அவன் தாழ்வா இருக்கான். விளக்குக்கு அந்தப் பக்கம் நின்னு சாக்க விரிச்சுப் பிடிங்க. துணி காயப்போடுற மாதிரி! மறைச்சாப் போதும்!”

யார் எந்த விளக்கு என்று பேசவில்லை. எட்டுப் பேரும் எட்டு விளக்குக்கு ஓடினோம். முத்துலட்சுமிக்குச் சாக்கு கிடைக்கவில்லை, தன் முந்தானையையே விரித்தாள். கேப்டன் நடுவில் நின்று “மூடு!” என்றார். மறைத்தோம். “திற!” விலகினோம். “மூடு! திற!” எனக்கு முதுகுப் பக்கம் விமானம். அது என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தம் இன்னும் இறங்கியது. நின்றுவிடும் போல ஆனது. என் குலதெய்வத்தை நான் கூப்பிடக்கூட இல்லை, கேப்டனின் குரலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எஞ்சின் அலறியது.

முழு வேகத்தில் அலறி, மேலே ஏறி, மேலேயே ஒரு நிமிஷம் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது. “நிறுத்தாதே! மூடு! திற!” கேப்டனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூடினோம், திறந்தோம். அந்தச் சத்தம் மெல்லத் திரும்பியது. எங்களை நோக்கி.

“புல்லுக்குள்ள ஓடு! எல்லாரும் ஓடு!”

நாங்கள் புல்லில் விழுந்தோம். விமானம் ஒரு தடவை குதித்தது, இரண்டாவது தடவை குதித்தது, மூன்றாவது தடவை தரையைப் பிடித்துக்கொண்டது. கடைசிக் கிண்டிக்கு முன்னால் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் இறங்கவில்லை. கேப்டன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, உள்ளே கை விட்டு எஞ்சினை அணைத்தார்.

ஜோசுக்குட்டி இரண்டு கையாலும் பிடித்த, விமானத்தை ஓட்டும் கம்பை விடவில்லை. “தண்ணி, சாரே” என்றான். “பிளேன் லைட்டைப் போட்டப்போ ரன்வே மின்னிச்சு. மழைத் தண்ணின்னு நெனச்சேன். பின்ன வலைக்கம்பு கண்டேன். கம்பை இழுத்து மேல தூக்கினேன். பின்ன எங்க போறதுன்னு தெரியல. அப்போதான் இந்தப் பக்கம் ஒரு வரி முழுக்கக் கண்ணடிச்சுது.”

ஆகவே பாதி அவன் கண் காப்பாற்றியது, பாதி நாங்கள். இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

முத்துலட்சுமியின் முந்தானை ஓரம் கருகியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, “இது புதுசு மதினி” என்றாள். அப்போதுதான் எங்களுக்கெல்லாம் அழுகை வந்தது.

5. அக்கரை

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த இன்னொரு வரி. எங்கள் விளக்கை எவ்வளவு சிமிட்டினாலும், அது அங்கேதான் எரிந்துகொண்டிருக்கும். அடுத்த பையன் மேலே போவான். திரும்பவும் கரண்டு போகும். வீட்டுக்காரர் “ஏன் புரண்டுக்கிட்டே இருக்கே?” என்றார். எழுந்து உட்கார்ந்தேன். விடிந்ததும் பஸ் ஏறி, கும்பளங்கிக்குப் போகிற வழியில் காயல் கரையில் இறங்கினேன்.

நான் யாரிடமும் போய் நின்று ஒன்று கேட்டவள் இல்லை. வீட்டுக்காரர் படுத்துக் கிடந்தபோதுகூட அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. வலைக்கரையில் நின்றபோது திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.

வலைக்காரர்களுக்கு மூத்தவர் அந்தோணி என்று ஒருவர். கயிற்றில் கட்டிய கல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கல்லைக் கீழே வைத்தார்.

“ஓ, பிளேன் பார்ட்டியோ! வா வா. நேத்து ராத்திரி பிளேன் வர்றதைக் கண்டு என் ஆள் ஒருத்தன் தண்ணில குதிச்சான். உடுத்தியிருந்த முண்டு போச்சு. உயிர் போகலையேடான்னு கேட்டா, முண்டு இல்லாம எப்படி வீட்டுக்குப் போவேன்னு கேக்குறான்.”

நான் சிரிக்கவில்லை. “பிளேன் பறக்குற ராத்திரி மட்டும் நடு விளக்கு ஒண்ண அணைச்சு வைக்கணும். வரியில ஓட்டை இருந்தா, இது ரன்வே இல்லன்னு மேல இருக்கிறவனுக்குத் தெரியும்” என்றேன்.

அவர் முகம் மாறியது. “விளக்கு அணைச்சா அந்த வலையில மீன் ஏறுமோ? நீங்க சொல்லிக் கொடுப்பீங்களா மீனுக்கு? நாங்க இங்க விளக்கு வச்சப்போ பிளேன்னு ஒண்ணு கிடையாது, அறியுமோ? வேணும்னா உங்க விளக்கை மாத்திக்கோ.”

“எங்க விளக்க மாத்த முடிஞ்சா நான் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்?” என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். “நான் அதிகாரம் பண்ண வரல. கேக்க வந்தேன்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு முகம் சுட்டது, கிண்டியில் கை சுட்டதைவிட.

அந்தோணி மறுபடி கல்லைக் கையில் எடுத்தார். “ஓட்டினது யாரு? பெரிய ஆளோ?”

“சின்னப் பையன். திருப்பூணித்துறை டீச்சர் மகன். ஒரே பிள்ளை.”

“நான் அவன் முகம் கண்டேன்” என்றார் அவர். “அவ்வளவு தாழ்ந்து வந்தான். வாயைத் திறந்து வச்சிருந்தான்.” கல்லைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, “ஒண்ணு போதாது. ஒண்ணு அணஞ்சா காத்துல போச்சுன்னு நெனச்சுப்பான். ரெண்டு அணைக்கிறேன். என்னோட ரெண்டு வலை. வேற ஆளுங்களோட கேக்க வேண்டா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எந்த ராத்திரின்னு நீ சொல்லி அனுப்பணும். சும்மா ஒரு ராத்திரியும் அணைக்க மாட்டேன், கேட்டோ!” என்றார்.

சொல்லி அனுப்புவதைப் பிறகு ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. படகில் மீன் கொண்டுவரும் பெண்களிடம் காலையிலேயே சொல்லிவிடுவேன்.

இன்று விமான நிலையத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்தினால் ரன்வே முழுக்க வெளிச்சம் வந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் வாடை இல்லை, கயிறு இல்லை. சந்தோஷம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் விளக்கு நேராக எரிகிறதா என்று பார்த்துவிட்டு அதோடு உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் வேறு யார் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஏற்றுவதற்குத் தீப்பெட்டி போதும். அடுத்தவன் விளக்கைக் கொஞ்சம் அணைத்துக்கொள் என்று கேட்கப் போவதற்குத்தான் மனசு வேண்டும். அதுவும் வேலையில் சேர்ந்ததுதான். அது மேஸ்திரி சொல்லிக்கொடுக்கிற வேலை அல்ல.

அந்தோணியைப் பார்த்து ஒரு வாரம் கழித்து ஜோசுக்குட்டி மறுபடி தனியாக மேலே போனான். நான் டின்னோடு நின்றேன். கேப்டன் நடந்துகொண்டிருந்தார். கரண்டு இருந்தது, மட்டாஞ்சேரி விளக்குகள் எரிந்தன. இருந்தாலும் நான் அக்கரையைத்தான் பார்த்தேன். வலை விளக்குகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில், பல்லு போன வாய் மாதிரி, இரண்டு விளக்கு அகலத்துக்கு இருட்டு. அந்த வாய் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன்.